டாட்ஜ் சிட்டி: துப்பாக்கிப் புகைக்குப் பின்னால் ஒரு மாட்டு நகரம்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.)

சென்ற பருவத்தில், வேளாண் வரலாறு குறித்த வாசிப்பு வட்டமொன்றில், அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் சிறுநகரம் ஏதேனும் ஒன்றின் பெயரைச் சொல்லுமாறு முதுகலை மாணவர்களைக் கேட்டேன். மூவர் ஒரே குரலில் டாட்ஜ் சிட்டி என்றனர். அந்நகரத்து மக்கள் இன்று என்ன தொழில் செய்து வாழ்கின்றனர் என்று அடுத்துக் கேட்டபோது அறை அமைதியாயிற்று. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நானும் அந்நகரத்தை முதலில் அறிந்தது திரைப்படத்தின் வழியேதான். வெட்சியும் கரந்தையும் படித்து வளர்ந்த நமக்கு, ஆநிரையும் ஆயுதமும் குதிரையும் ஒன்றாய்த் தோன்றும் காட்சி எளிதில் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆநிரையைக் கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் துறை வகுத்த மரபில், அதை அன்றாடம் மேய்த்தவனைப் பற்றிய பேச்சு குறைவு. டாட்ஜ் சிட்டியின் புகழும் அத்தகையதே.

கான்சஸ் மாநிலத்தின் தென்மேற்கில், ஆர்கன்சாஸ் ஆற்றங்கரையில், ஃபோர்டு கவுண்டியின் தலைமையிடமாக அமைந்த இந்நகரின் மக்கள்தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 27,788. நம் நாட்டு அளவில் இது ஒரு சிறிய பேரூர். அதன் வரலாறு ஒன்றரை நூற்றாண்டு. அதன் புகழோ ஏறத்தாழப் பத்தாண்டுக்கு உரியது. 1876 முதல் 1885 வரையிலான அந்தப் பத்தாண்டை எஞ்சிய காலம் முழுவதற்கும் பதிலாக நிறுத்திய பின், நகரத்தை உண்மையில் நடத்திவந்த மனிதர்கள் அதன் வரலாற்றில் விருந்தினராகவே எண்ணப்படுகின்றனர். இது பழங்கதை பற்றிய பூசலன்று. வாக்குச்சாவடி எங்கே அமைய வேண்டும், நோய்த்தொற்றுக் காலத்தில் எவர் வேலைக்கு வர வேண்டும் என்னும் இன்றைய கேள்விகளோடு அது பின்னிக் கிடக்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் நிலம். நூறாவது மேற்குத் தீர்க்கரேகை இந்நகரின் வழியே செல்கிறது. 1878இல் ஜான் வெஸ்லி பவல் வறண்ட நிலங்கள் குறித்து வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ இக்கோட்டை ஒட்டி ஆண்டு மழை இருபது அங்குலத்திற்குக் கீழே சரிவதையும், அதற்கு மேற்கே பாசனமின்றிப் பயிர்த்தொழிலை நம்ப இயலாது என்பதையும் எடுத்துரைத்தது. ஆகவே இது புல்லின் நாடு. புல்லைத் தின்று வாழும் விலங்கைக் கொண்டே இங்கு மனிதன் வாழ முடிந்தது. அவ்விலங்கு முதலில் பைசன் எனும் காட்டெருமை, பின்னர் மாடு.

1865இல் சாண்டா ஃபே வணிகப் பாதையைக் காக்க ஃபோர்ட் டாட்ஜ் என்னும் படைத்தளம் எழுந்தது. தள எல்லைக்குள் மது விற்கத் தடை. 1872 கோடையில் அந்த எல்லைக்குச் சற்று வெளியே, தளத்திற்கு ஐந்து மைல் மேற்கே, ஒருவர் கூடாரமடித்துச் சாராயம் விற்கத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் ரயில் பாதை வந்து சேர்ந்தது. நகரம் பிறந்த கதை இவ்வளவே. ரயில் வந்த வேகத்தில் காட்டெருமைத் தோல் வணிகம் பெருகிற்று. 1872க்கும் 1874க்கும் இடைப்பட்ட காலத்தில் எட்டரை லட்சம் தோல்கள் இங்கிருந்து ஏற்றப்பட்டன என்று நகர வரலாறுகள் மதிப்பிடுகின்றன.

அத்தோல்கள் எங்கே போயின என்னும் கேள்வி முக்கியமானது. 1870களின் தொடக்கத்தில் காட்டெருமைத் தோலை உறுதியான தோற்பொருளாகப் பதனிடும் முறை கைகூடியது. தொழிற்சாலைப் பொறிகளின் சுழல்பட்டைக்கும் காலணிகளின் அடித்தோலுக்கும் அது பயன்பட்டது. அமெரிக்கக் காட்டெருமையின் அழிவில் ஐரோப்பியச் சந்தைக்கும் பதனிடும் தொழில்நுட்பத்திற்கும் இருந்த பங்கைப் பொருளியலாளர் எம். ஸ்காட் டெய்லர் 2011இல் வெளியிட்ட கட்டுரை விரிவாக ஆராய்கிறது. ஆண்ட்ரூ ஐசன்பர்க் 2000ஆம் ஆண்டு நூலில் அதே அழிவைச் சூழலியல் நோக்கில் விளக்கியிருக்கிறார். இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பவர்க்கு ஒன்று புலனாகும்: டாட்ஜ் சிட்டி தன் முதல் நாளிலிருந்தே தொலைதூரச் சந்தையின் ஒரு முற்றமாக இருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த தனித்த காட்டூர் என்னும் படிமம் அப்போதே பொய்.

ஆற்றுக்குத் தெற்கே இருந்த வேட்டை நிலம் எவருடையது என்பதும் சொல்லப்பட வேண்டும். 1867 அக்டோபரில் கையெழுத்தான மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கைகள், ஆர்கன்சாஸ் ஆற்றுக்குத் தெற்கே காட்டெருமை வேட்டையாடும் உரிமையைச் செயென், அராபஹோ, கயோவா, கொமாஞ்சி மக்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தன. வடகரையில் விலங்கு தீர்ந்ததும் தோல் வேட்டையர் ஆற்றைக் கடந்தனர், எவரும் தடுக்கவில்லை. சில ஆண்டுகளில் தென்திரள் ஏறக்குறைய முற்றாக அழிந்தது. பின்னர் வந்த குடியேறிகள் புல்வெளியில் வெளுத்துக் கிடந்த எலும்பைப் பொறுக்கி வண்டியிலேற்றி, உரத்திற்காக டன் கணக்கில் விற்றனர். விலங்கை விற்று முடித்த ஊர் அதன் எலும்பையும் விற்றது.

மாடு வந்தது அதற்குப் பிறகு. டெக்சஸின் நீள்கொம்பு மாடுகளை நடத்திக்கொண்டே வடக்கேயுள்ள ரயில் நிலையத்திற்குக் கொண்டுவந்து, கிழக்குச் சந்தைகளுக்கு அனுப்பும் வணிகம் 1867இல் அபிலீனில் தொடங்கிற்று. பின்னர் எல்ஸ்வொர்த், விசிடா என மேற்கு நோக்கி நகர்ந்து, 1876 அளவில் டாட்ஜ் சிட்டியில் நிலைகொண்டது. இந்நகர்வை ரயில் பாதையின் வளர்ச்சியால் மட்டும் விளக்கிவிட முடியாது. அதைத் தள்ளிச் சென்றது ஓர் உண்ணி.

டெக்சஸ் மாடுகள் கடந்துபோன வழியில் மேய்ந்த உள்ளூர் மாடுகள் சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து மடிந்தன. டெக்சஸ் மாடுகளோ நலமாகவே இருந்தன. நோயற்ற மாடு நோயைப் பரப்புகிறது என்று கான்சஸ் உழவர் சொன்னதை டெக்சஸ் வணிகர் நகைத்துத் தள்ளினர். உழவர் சொன்னது சரி. கன்றுப் பருவத்திலேயே கிருமியின் தாக்குதலுக்கு ஆளான தென்னக மாடு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகிறது. அதன் உடலிலிருந்து உதிரும் உண்ணி புல்லில் முட்டையிட, குஞ்சுகள் வேறு மாட்டின்மேல் ஏறி, அதன் சிவப்பணுக்களை அழிக்கும் ஒட்டுண்ணியைச் செலுத்துகின்றன. இதை அறியாமலேயே, அனுபவத்தின் வழிநின்று, உழவர்கள் சட்டமன்றத்தை நெருக்கித் தொற்றுத்தடைக் கோடு வரையச் செய்தனர். குடியேற்றம் மேற்கே பரவப் பரவக் கோடும் மேற்கே நகர்ந்தது. கோட்டுக்கு அப்பால் இருந்த ரயில் நிலையமே அந்தந்தப் பருவத்தின் மாட்டு நகரம் ஆயிற்று. 1876இல் கோடு விசிடாவைத் தாண்டியபோது டாட்ஜின் காலம் தொடங்கிற்று; 1885இல் சட்டமன்றம் மாநிலம் முழுவதையும் டெக்சஸ் மாடுகளுக்கு மூடியபோது அது முடிந்தது. முடிவை முத்திரையிடுவதுபோல் 1886 ஜனவரியின் பனிப்புயல் திறந்தவெளி மந்தைகளைக் கூட்டங்கூட்டமாய்க் கொன்றது.

இந்தப் பத்தாண்டில்தான் உலகம் அறிந்த டாட்ஜ் சிட்டி அடங்கியிருக்கிறது. வயட் எர்ப், பேட் மாஸ்டர்சன், லாங் பிராஞ்ச் மதுக்கூடம், பூட் ஹில் இடுகாடு ஆகிய எல்லாம் இக்காலத்தவை. இங்கே எத்தனை பேர் கொல்லப்பட்டனர்? ராபர்ட் டிக்ஸ்ட்ரா 1968இல் வெளியிட்ட கால்நடை நகரங்கள் பற்றிய நூலில் இதை எண்ணிப் பார்த்தார். 1870 முதல் 1885 வரை ஐந்து கான்சஸ் மாட்டு நகரங்களிலும் சேர்த்து 45 கொலைகள். டாட்ஜ் சிட்டியில் அதன் பத்தாண்டுக் காலத்தில் 15. எந்த ஊரிலும் ஓராண்டில் ஐந்துக்கு மேல் இல்லை. ஊரின் இருப்புப்பாதைக்கு வடக்கே துப்பாக்கி ஏந்தி நடக்கத் தடை இருந்தது. அத்தடையை அறிவிக்கும் பலகை ஃபிரண்ட் தெருவின் நடுவே நிற்கும் நிழற்படம் இன்றும் கிடைக்கிறது. வணிகம் நடக்க வேண்டுமெனில் மாடு ஓட்டி வந்தவன் பணத்தைச் செலவழிக்க வேண்டும். ஆனால் எவரையும் சுட்டுவிடக் கூடாது. நகரத் தந்தையரின் சட்ட ஒழுங்குக் கொள்கை இந்தக் கணக்கில் பிறந்தது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரேண்டால்ஃப் ராத் முதலிய ஆய்வாளர்கள் எண்ணிக்கையைக் காட்டிலும் விகிதத்தைப் பார்க்கச் சொல்கின்றனர். நிலையாக வாழ்ந்தோர் சுமார் ஆயிரம் பேர் மட்டுமே உள்ள ஊரில் ஆண்டுக்கு ஒன்றரைக் கொலை என்றால், ஒரு லட்சம் பேருக்கு 150 என்றாகிறது. இது எந்த அளவுகோலிலும் கொடுமையான விகிதம். இத்தனை சிறிய எண்களை லட்சத்திற்குப் பெருக்குவதே பிழை என்று டிக்ஸ்ட்ரா மறுத்தார். கோடையில் வந்துபோன ஆயிரக்கணக்கான கௌபாய்களை வகுஎண்ணில் சேர்ப்பதா விடுவதா என்பதும் தீராத சிக்கல். புள்ளியியல் பயிலும் மாணவர்கள் இவ்விவாதத்தை அவசியம் வாசிக்க வேண்டும். என் நோக்கில், இரு தரப்பும் ஒன்றில் இணைகின்றன: இரண்டும் பிணங்களையே எண்ணுகின்றன. ஓர் ஊரின் வாழ்வை அதன் கொலைக் கணக்கால் அளக்கும் வழக்கத்தை எதிர்த்து எழுந்த ஆய்வும் அதே கணக்கேட்டைத்தான் திறக்க வேண்டியிருந்தது. புனைவின் வலிமை அத்தகையது.

1893ஆம் ஆண்டை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவ்வாண்டு சிகாகோவில் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர், அமெரிக்கத் தன்மை எல்லைப்புறத்தில் உருவானது என்னும் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். அதே ஆண்டு தியோபால்ட் ஸ்மித்தும் எஃப். எல். கில்போர்னும் டெக்சஸ் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்பதை நிறுவிய ஆய்வறிக்கையை வெளியிட்டனர்; கணுக்காலி ஒன்று பாலூட்டிகளிடையே நோய் கடத்துவதை மெய்ப்பித்த முன்னோடி ஆய்வு அது. டாட்ஜ் சிட்டி ஏன் எழுந்தது, ஏன் வீழ்ந்தது என்று கேட்டால், இரண்டாவது அறிக்கை தரும் விடை தெளிவானது. ஆயினும் முதலாவது கட்டுரைதான் ஒரு நாட்டின் தன்னுணர்வாக மாறியது. தனிமனித வீரம் நினைவில் தங்கிற்று. உண்ணியும் உழவனும் சட்டமன்றக் கோடும் மறைந்துபோயின.

மறைந்தோர் பட்டியலில் கௌபாய்களும் உண்டு என்பதுதான் வியப்பு. திரையில் நாம் காணும் கௌபாய் வெள்ளையன், தனியன், துப்பாக்கிக்காரன். வரலாற்றின் கௌபாய் பருவக் கூலி பெறும் தொழிலாளி. அவர்களில் அண்மையில் விடுதலை பெற்ற கறுப்பின இளைஞர்களும் மெக்சிகோ வம்சத்தவரும் பெருந்தொகையினர். அத்தொழிலின் சொற்களே சான்று: ராஞ்ச், லாசோ, ரோடியோ ஆகிய மூன்றும் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. குதிரைமேல் அமர்ந்து மாடு மேய்க்கும் கலையை டெக்சஸ் கற்றது மெக்சிகோவின் வக்கேரோக்களிடமிருந்து. ஆக, ஸ்பானிய மொழி டாட்ஜ் சிட்டிக்கு நேற்று வந்து சேர்ந்த மொழி அன்று. நகரத்தின் மூலத்தொழிலே அம்மொழியில் பேசிக்கொண்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ரயில்வே நிலத்தில் மெக்சிகன் கிராமம் என்றொரு குடியிருப்பு இருந்தது. தண்டவாளம் பதித்த குடும்பங்கள் அதில் வாழ்ந்தன. அருங்காட்சியக வீதியில் துப்பாக்கிச் சண்டை நடித்துக் காட்டப்படுகிறது. தண்டவாளம் பதித்த வேலையை எவரும் நடித்துக் காட்டுவதில்லை.

இந்தத் தேர்வு தற்செயலானதன்று. 1913இல் வெளியான நகர வரலாற்றை எழுதிய ராபர்ட் ரைட் தோலும் மாடும் விற்றுச் செல்வம் கண்ட வணிகர். 1939இல் எர்ரல் ஃபிளின் நடித்த திரைப்படத்தின் முதல் காட்சி இவ்வூரிலேயே கோலாகலமாய் நடந்தது. கன்ஸ்மோக் தொலைக்காட்சித் தொடர் 1955 முதல் 1975 வரை இருபது ஆண்டுகள், 635 பகுதிகள் ஓடியது. கதை நிகழ்ந்த காலத்தைப்போல் இருமடங்கு காலம் கதை ஓடிற்று. இதற்கு இடையில், 1930களில், உண்மையான டாட்ஜ் சிட்டி புழுதியில் மூழ்கிக் கொண்டிருந்தது. புல்லை உழுது கோதுமை விதைத்த நிலம் வறட்சியில் காற்றோடு பறந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள், கறுப்பு ஞாயிறு என்று பெயர்பெற்ற அன்று, பட்டப்பகலை இருட்டாக்கிய புழுதிப் புயல் இந்நகரையும் கடந்தது. நாட்டின் மிகுந்த காற்று வீசும் நகரங்களுள் ஒன்று இது. புழுதிக்காலத்தில் ஊரைவிட்டு அகன்றோரின் கதையை டாட்ஜின் பெயரோடு சேர்த்து நாம் நினைப்பதில்லை.

புழுதியிலிருந்து மீட்டது நிலத்தடி நீர். எட்டு மாநிலங்களின் கீழே பரவிய ஒகலாலா நீர்ப்படுகை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வலிய இறைப்பிகளால் எட்டும் பொருளாயிற்று. 1952இல் ஃபிராங்க் சைபாக் காப்புரிமை பெற்ற மையச்சுழல் பாசனக் கருவி, மேடுபள்ளமான நிலத்திலும் நீர் தெளித்தது. விமானத்திலிருந்து பார்த்தால் மேற்குக் கான்சஸ் பச்சை வட்டங்களாகத் தெரிவது இதனால்தான். நீர் கிடைத்ததால் மக்காச்சோளம். தீனி கிடைத்ததால் ஃபீட்லாட் எனும் கொழுக்கவைக்கும் பட்டிகள். பல மாதம் புல்வெளியில் வளர்ந்த மாடு, இறுதி ஐந்தாறு மாதம் ஆயிரக்கணக்கான பிற மாடுகளோடு அடைபட்டுத் தானியம் தின்று எடை கூட்டுகிறது. மேய்ச்சல் நகரம் என்று இன்று நாம் இதை அழைக்கும்போது, மேய்ச்சல் என்னும் சொல்லே பாதிதான் பொருந்துகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்பட்டிகளில் நிற்கும் மாடுகளில் சிலவற்றின் குருதியில் நம் நாடும் இருக்கிறது. 1850களிலிருந்து 1920கள் வரை வளைகுடாக் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கிர், காங்கிரேஜ், ஓங்கோல் முதலிய இந்தியத் திமில் மாடுகளிலிருந்து அமெரிக்கப் பிராமன் இனம் உருவாக்கப்பட்டது. ஓங்கோல் மாட்டை அங்கே நெல்லூர் என்று அழைத்தனர். வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் இதன் திறனே அவர்களை ஈர்த்தது. 1906இல் தொடங்கிய கூட்டரசின் உண்ணி ஒழிப்புத் திட்டம் 1943 அளவில் மெக்சிகோ எல்லைப் பட்டையைத் தவிர எங்கும் வெற்றி கண்டது. இந்திய மாட்டின் கலப்பு மட்டும் தென்னக மந்தைகளில் நிலைத்துவிட்டது. ஓர் உண்ணியின் வரலாறு ஆந்திரக் கடற்கரையையும் கான்சஸ் பட்டியையும் இவ்வாறு இணைக்கிறது. உலக வரலாறு என்று பெரிதாகப் பேசுவோர் இத்தகைய இணைப்புகளில் கால் பதிக்கலாம்.

இப்போது இன்றைய நகரத்திற்கு வருவோம். சிகாகோவின் பெரும் கால்நடைச் சந்தை 1971இல் மூடப்பட்டது. மாட்டை நகரத்திற்கு அனுப்பி அறுப்பதைவிட, மாடு கொழுக்கும் இடத்திலேயே அறுத்து, துண்டிட்டுப் பெட்டியில் அடைத்து அனுப்புவது மலிவு என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. சிகாகோவில் வலுவாக இருந்த தொழிற்சங்கங்களும் உயர்ந்த கூலியும் இம்முடிவுக்கு இன்னொரு காரணம். இன்று டாட்ஜ் சிட்டியில் கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய இரு பெரும் மாட்டிறைச்சி ஆலைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான மாடுகளை அறுக்கிறது. நாட்டின் மாட்டிறைச்சிச் செயலாக்கத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கையில் வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களுள் இவை இரண்டு. தம் மாட்டை வாங்க வருவோர் இத்துணைச் சிலரே என்பதால் ராஞ்ச் உரிமையாளரும் விலையில் நெருக்கப்படுகின்றனர்.

அவ்வாலைகளின் உள்ளே வேலை எப்படிப்பட்டது? குளிரூட்டிய கூடத்தில், நகரும் சங்கிலியின் முன் நின்று, ஒரே வெட்டை ஒரு முறைமாற்றத்தில் ஆயிரக்கணக்கான தடவை வெட்டும் வேலை. மணிக்கட்டும் தோளும் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். உள்ளூர் இளைஞர் அதை விரும்பாதபோது தொழிலாளர் வெளியிலிருந்து வந்தனர்: மெக்சிகோ, குவாத்தமாலா, வியட்நாம், சோமாலியா எனப் பல நாட்டவர். அண்டை நகரமான கார்டன் சிட்டியில் மானிடவியலாளர் டொனால்ட் ஸ்டல், புவியியலாளர் மைக்கேல் பிராட்வே முதலியோர் பல ஆண்டுகள் மேற்கொண்ட களஆய்வு, ஓர் இறைச்சி ஆலை ஒரு சிறுநகரத்தின் பள்ளி, வீடு, மருத்துவம், மொழி ஆகியவற்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்குச் சிறந்த வழிகாட்டி. டாட்ஜ் சிட்டியின் மக்களில் இன்று அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் லத்தீன் அமெரிக்க வம்சத்தவர். சமவெளியின் பல சிற்றூர்கள் ஆளின்றித் தேய்ந்துவரும் வேளையில் இந்நகரம் பள்ளியும் கடையும் நிரம்பி நிற்பது அவர்களால்தான்.

2018இல் நகரின் ஒரே வாக்குச்சாவடி, கட்டுமானப் பணியைக் காரணம் காட்டி, நகர எல்லைக்கு வெளியே ஒரு கண்காட்சி அரங்கிற்கு மாற்றப்பட்டது. சுமார் 13,000 வாக்காளருக்கு அது ஒன்றே சாவடி. மிக அருகிலிருந்த பேருந்து நிறுத்தமும் ஒரு மைலுக்கு அப்பால். ஆலையில் நீண்ட முறைமாற்றம் முடித்து வரும் தொழிலாளிக்கு, அதுவும் தேர்தல் வேலைநாளில் நடக்கும் நாட்டில், இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. குடியுரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. தேர்தல் நெருங்கிவிட்டதைச் சுட்டி நீதிமன்றம் தலையிடவில்லை. பேருந்துகளும் தன்னார்வலர் வண்டிகளும் மக்களைச் சாவடிக்கு ஏற்றிச் சென்றன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இரண்டு சாவடிகள் திறக்க அதிகாரிகள் ஒப்பினர், வழக்கு கைவிடப்பட்டது. ஒரு சாவடியின் இடமாற்றம் சிறு நிருவாகச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் ஊர் எவரைத் தன் குடிகளாக எண்ணுகிறது என்பது இத்தகைய சிறு முடிவுகளில்தான் வெளிப்படுகிறது.

இரண்டு ஆண்டுக்குள் கொரோனா வந்தது. தோளோடு தோள் நின்று வேலை செய்யும் ஆலைகளில் தொற்று விரைந்து பரவ, 2020 வசந்தத்தில் ஃபோர்டு கவுண்டி மாநிலத்திலேயே தொற்று விகிதம் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாயிற்று. ஏப்ரல் 28ஆம் நாள் வெளியான அதிபர் ஆணை இறைச்சி ஆலைகளை இன்றியமையாத் தொழில்களாகக் கொண்டு இயங்கச் செய்தது. இன்றியமையாதவர் என்னும் அப்பட்டம் தொழிலாளியின் உடலைக் காக்கவில்லை. வேலையை மட்டும் காத்தது. அவ்வாண்டு டிசம்பரில், முகக்கவசம் அணியும் விதியை ஆதரித்ததற்காக வந்த மிரட்டல்களால் நகரத் தலைவர் பதவி விலகினார். சட்டத்தின் காவலர் துணிவோடு நின்ற ஊர் என்று தொலைக்காட்சி இருபதாண்டு பாடிய ஊரில், பொதுநலத்திற்காக வாதிட்ட ஒரு தலைவரால் நிற்க முடியவில்லை.

நீரும் தீர்ந்துகொண்டிருக்கிறது. நகரம் பிறந்த கரையில் ஆர்கன்சாஸ் ஆறு இன்று பெரும்பாலும் வறண்ட மணல். 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையை மீறிக் கொலராடோ கிணறுகளால் நீர் எடுத்ததை உச்ச நீதிமன்றம் 1995இல் உறுதிசெய்தது. அதற்குள் ஆற்றின் பழைய ஓட்டம் போய்விட்டது. மேற்குக் கான்சஸின் சில பகுதிகளில் நீர்ப்படுகையின் தடிமன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மழை அதை நிரப்பும் வேகம் இறைக்கும் வேகத்திற்கு அருகிலும் இல்லை. 2022 ஜூனில் வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாய்க் கூடிக் காற்றும் நின்றபோது தென்மேற்குக் கான்சஸ் பட்டிகளில் குறைந்தது இரண்டாயிரம் மாடுகள் மடிந்தன. காட்டெருமையைத் தீர்த்து, மேய்ச்சல் பாதையை இழந்து, மேல்மண்ணைப் பறக்கவிட்ட ஊர், இப்போது நிலத்தடி நீரைத் தீர்த்துக் கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பயன் பெற்றவர் பெரும்பாலும் தொலைவில் இருந்தார்; எஞ்சியதைக் கொண்டு வாழ வேண்டியவர் ஊரிலேயே இருந்தார்.

எதிர்வாதங்களை நான் அறியாமல் இல்லை. புகழ் ஊருக்குச் சோறு போடுகிறது, சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர், அதில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழையில்லை. நடிப்பு வீதியை மூடச் சொல்லவில்லை. அதே வீதியில் உண்ணிக்கும் ரயில்வே குடியிருப்புக்கும் இறைச்சி ஆலைக்கும் இடம் கேட்கிறேன். இன்னொரு வாதம் வலுவானது: ஆலைகள் இல்லையெனில் இம்மக்கள் வந்தே இருக்க மாட்டார்கள், சமவெளியில் இவ்வளவு கூலி தரும் வேலை வேறு எது? இதை மறுக்க இயலாது. பலர் இங்கே வீடு வாங்கினர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினர், கடை திறந்தனர். அவர்களை வெறும் பலிகளாக எழுதுவது, அவர்களை விருந்தினராக எழுதுவதைப்போலவே தவறு. ஆனால் நன்றியைக் காட்டி உரிமையை ஒத்திவைக்க முடியாது. 1876இன் கௌபாயும் கூலிக்கு வந்தவன்தான். அவனை ஊரின் அடையாளமாக்க எவரும் தயங்கவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் ஆய்வேடுகளில் நகரம் என்றால் பெருநகரம், சிறுநகரம் அடிக்குறிப்பு. கிராமமும் அன்று, மாநகரமும் அன்று என்று கைவிடப்படும் இவ்வூர்களில்தான் விலங்கும் நீரும் சந்தையும் புலம்பெயர் உழைப்பும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஓர் ஊரை ஆராயத் தொடங்கும்போது அது தன்னைப் பற்றி விற்கும் கதையை ஒதுக்க வேண்டாம். அக்கதையை எழுதியவர் எவர், எந்த ஆண்டில் எழுதினார் என்று முதலில் கேளுங்கள். பின்னர் கொலைப் பதிவேட்டை மூடிவிட்டு, தொற்றுத்தடைச் சட்டத்தையும் கிணற்று அளவையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவையும் ஆலையின் முறைமாற்ற நேரத்தையும் திறந்து பாருங்கள். அடுத்த பருவ வாசிப்பு வட்டத்தில் டிக்ஸ்ட்ராவையும் ஸ்டல், பிராட்வே ஆய்வுகளையும் அருகருகே வைத்து வாசிக்க எண்ணியிருக்கிறேன். இணைய விரும்புவோர் தெரிவிக்கவும். மாற்றுக் கருத்துகளையும் வரவேற்கிறேன்.